மண் பார்த்த வேலைக்குக் கூலி

தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கும் அந்த அம்மா, நான் நீட்டிய பாலக் கட்டில் இலையைப் பார்க்கவே இல்லை. கட்டைத் தலைகீழாகத் திருப்பி வேரைப் பார்த்தார். நனைந்த நூல்பிரி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது வேர். விரலால் நீவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

“இன்னா தம்பி, வேர்ல மண்ணே காணோம்? கழுவி எடுத்தாந்தியா?”

“இல்லம்மா, இது மண்ணுலயே வளரல. மொட்டமாடில, குழாய்க்குள்ள, தண்ணியில வளந்தது.”

“மண்ணு இல்லன்னா எத்தத் துன்னு இவ்ளோ வளந்துச்சு?”

கீரை வியாபாரத்தில் வேரில் ஒட்டிய ஈரமண்தான் முத்திரை. விடியற்காலையில் பிடுங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த முத்திரை இல்லாத என் சரக்குக்குக் கட்டு 8 ரூபாய் என்றார். பக்கத்துக் கூடையில் செம்மண் உதிரக் கிடந்த கட்டுக்கும் அதே விலைதான். என் நோட்டுக் கணக்கில் ஒரு கட்டின் அடக்கமே 18 ரூபாய். 20 கட்டு விற்று, 200 ரூபாய் கைநஷ்டத்தோடு வீடு திரும்பினேன். வழியெல்லாம் அவர் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. எதைத் தின்று வளர்ந்தது?

இதே கேள்வியை இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட் என்ற மருத்துவர் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு கேட்டார். உலர்த்திய மண்ணை 200 பவுண்டு நிறுத்துத் தொட்டியில் போட்டார். 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். 5 வருஷம் கழித்து மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். ஆக, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648ல் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை இருக்கிறது.

முடிவு தவறு. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்த கரியமில வாயுவின் உபயம். அது அவர் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்ட 2 அவுன்ஸையோ பொருட்படுத்தாமல் விட்டுவிட்டார். அந்த 2 அவுன்ஸில்தான் மண்ணில்லாமல் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற தொழில் முழுவதும் அடங்கியிருந்தது.

1699ல் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் புதினா வகைச் செடியை மழைநீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், தோட்டத்து மண் கலக்கிய நீரிலும் வைத்துப் பார்த்தார். தண்ணீர் எவ்வளவு கலங்கலோ அவ்வளவு வளர்ச்சி. அப்படியானால் செடி தேடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்றை. அது என்னவென்று பிரித்துச் சொல்ல இன்னும் 160 ஆண்டுகள் ஆயின. 1860களில் ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நோப்பும் சில உப்புகளைச் சுத்தமான நீரில் கரைத்து, மண்ணே இல்லாமல் செடியை வளர்த்துக் காட்டினார்கள். நைட்ரேட், பாஸ்பேட், சல்பேட், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், துளி இரும்பு. அவ்வளவுதான் பட்டியல். பிறகு நுண்ணூட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இன்றைக்கு ஒரு செடிக்கு இன்றியமையாதவை என்று 17 தனிமங்களைச் சொல்கிறார்கள்.

அளவுகளைப் பார்த்தால் ஒரு சமையல்காரரின் கைப்பக்குவம் தெரியும். கலிபோர்னிய ஆய்வாளர் ஹோக்லண்ட் பெயரால் வழங்கும் கரைசல் இன்றும் ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. அதில் லிட்டருக்குத் தழைச்சத்து 210 மில்லிகிராம், பொட்டாசியம் 235, கால்சியம் 200. மாலிப்டினமோ 0.01 மில்லிகிராம். தழைச்சத்தோடு ஒப்பிட்டால் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சிட்டிகை இல்லையென்றால் தின்ற நைட்ரேட்டைச் செடியால் செரிக்க முடியாது.

ஆக, கீரைக்கார அம்மாவுக்குப் பதில் ஒரே சொல்: உப்பு. மாட்டுச்சாணம் போட்ட வயலிலும் செடி சாணத்தைத் தின்பதில்லை. நுண்ணுயிர்கள் அதைத் தின்று, சிதைத்து, கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் விட்டுவைப்பதையே வேர் உறிஞ்சுகிறது. சாணத்திலிருந்து வந்த நைட்ரேட், மூட்டையிலிருந்து வந்த நைட்ரேட் என்று வேருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இயற்கை விவசாய நண்பர்கள் இந்த வாக்கியத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கொஞ்சம் பொறுங்கள். மண் வெறும் தட்டு அல்ல என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக் என்பவர் 1929 வாக்கில் ஆய்வுக்கூடத்து வித்தையை வெளியே கொண்டுவந்தார். பெரிய தொட்டிகளில் தக்காளி வளர்த்தார். ஏணி வைத்துப் பறிக்கும் உயரத்துக்குக் கொடி போயிற்று, பத்திரிகைகள் கொண்டாடின. 1937ல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரும் வந்தது. கிரேக்கத்தில் ஹைட்ரோ என்றால் நீர், போனோஸ் என்றால் உழைப்பு. பெயரின் பின்பாதியை யாரும் கவனிப்பதில்லை. பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டபடி ஹோக்லண்டும் சக ஆய்வாளர் ஆர்னனும் இந்தக் கொண்டாட்டத்தைச் சோதித்து, 1938ல் ஒரு சிற்றேடு எழுதினார்கள். நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைத் தண்ணீர் அப்படியொன்றும் மிஞ்சிவிடவில்லை என்பது அதன் சாரம். விற்பனைப் பேச்சுகளில் அந்தச் சிற்றேட்டின் கரைசலை எடுத்துக்கொண்டார்கள், சாரத்தை விட்டுவிட்டார்கள்.

மண்ணை எடுத்துவிட்டால், அது கூலி வாங்காமல் பார்த்த வேலைகளையெல்லாம் நாம் பார்க்க வேண்டும். அந்த உழைப்பின் விலைதான் என் 18 ரூபாய்.

முதல் வேலை, பண்டகசாலை. களிமண் துகள்களின் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் கொண்டது. கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு, வேர் கேட்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நீங்கள் ஒருநாள் உரத்தைக் கூடுதலாகப் போட்டாலும் மண் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் மறந்தாலும் சமாளித்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் இந்தக் கடன் வசதி கிடையாது. இன்றைக்குச் செய்த தப்பு நாளை மறுநாள் இலையில் தெரியும்.

நான் செய்த முதல் தப்பு, எல்லா உப்பையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைத்தது. கால்சியம் நைட்ரேட்டோடு எப்சம் உப்பைச் சேர்த்ததும் வாளி பாலாக மாறி, அடியில் வெள்ளைச் சேறு படிந்தது. கால்சியமும் சல்பேட்டும் கைகோத்து ஜிப்சமாகிவிட்டன. பள்ளிக்கூடத்து சாக்பீஸ் செய்யும் அதே சரக்கு. செடிக்குப் போகவேண்டிய இரண்டு சத்துகளை சாக்பீஸாக்கிவிட்டு, இலை ஏன் சுருள்கிறது என்று இரண்டு வாரம் குழம்பினேன். இதனால்தான் கடைகளில் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக விற்கிறார்கள். கால்சியம் ஒன்றில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றதில். நிறையத் தண்ணீரில் நீர்த்துப்போன பிறகே இரண்டும் சந்திக்கலாம்.

இரண்டாவது வேலை, புளிப்பு பார்ப்பது. நைட்ரேட்டை வேர் உறிஞ்சும்போது மின்கணக்கு சரியாக வேண்டுமே. அதற்காகக் காரத்தன்மையை வெளியே விடும். அமோனியத்தை உறிஞ்சினால் அமிலத்தை விடும். மண்ணில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. தொட்டியிலோ பிஎச் ஒரே நாளில் நகர்ந்துவிடும். 5.5க்கும் 6.5க்கும் இடையில் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். மேலே போனால் முதலில் படுப்பது இரும்பு. கரைசலில் இரும்பு இருக்கும், ஆனால் துருவாகப் படிந்து கிடக்கும். இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்பை நண்டுக்கொடுக்கு மாதிரி கவ்விப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் சீலேட் என்ற சேர்மங்களை இதற்காகத்தான் வாங்குகிறோம். காசு கொஞ்சம் கூட.

மூன்றாவது வேலைதான் சென்னைக்காரர்களைக் கொல்லும் வேலை. அது காற்று.

நெல் நீரில் நிற்கிறது. கத்தரிச் செடியை மூன்று நாள் நீரில் நிறுத்தினால் ஏன் சாகிறது? தாமரைத் தண்டை நறுக்கிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்: உள்ளே ஓட்டை ஓட்டையாகக் காற்றுக் குழாய்கள். நெல்லுக்கும் அப்படித்தான். இலை வாங்கும் காற்றை உள்வழியாகவே வேர்வரை இறக்கிவிடும். கத்தரி, தக்காளி, பாலக், லெட்யூஸ் எதற்கும் போதுமான அளவில் அந்த வசதி இல்லை. அவற்றின் வேர் தானே சுவாசித்தாக வேண்டும். நல்ல மண்ணில் கணிசமான இடம் காற்றுக்கென்றே ஒதுங்கியிருக்கும். மண்வெட்டி பிடித்துக் கொத்திவிடுவது களைக்காக மட்டுமல்ல.

ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. காற்றோடு நன்றாகக் கலக்கிய ஒரு லிட்டர் தண்ணீர், 20 டிகிரி வெப்பத்தில் 9 மில்லிகிராம்தான் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். தண்ணீர் சூடேறச் சூடேற ஆக்சிஜன் குறைகிறது, வேரின் மூச்சுத் தேவையோ கூடுகிறது. 10 டிகிரி ஏறினால் தேவை கிட்டத்தட்ட இரட்டிப்பு. வரவு குறைந்து செலவு ஏறும் குடும்பத்துக்கு என்ன ஆகுமோ அதுதான் வேருக்கும். தளர்ந்த வேரை மோப்பம் பிடித்து வருவது பித்தியம் என்ற வேரழுகல் கிருமி. அதன் வித்துகள் வாலடித்து நீந்தக்கூடியவை. மண்ணில் அது ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போக நாளாகும். எதிர்க்கும் நுண்ணுயிர்கள் வழியெங்கும் இருக்கும். குழாயில் நம் பம்பே அதைச் சுமந்து எல்லா வேருக்கும் பரிமாறிவிடும்.

நான் போட்டிருந்தது என்எஃப்டி முறை. 1960களில் இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்ப்டனில் ஆலன் கூப்பர் உருவாக்கியது. சாய்வான குழாயின் அடியில் மெல்லிய படலமாகக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். வேரின் கீழ்ப்பாதி நனைந்திருக்கும், மேல்பாதி காற்றில் இருக்கும். அருமையான யோசனை, பம்பு ஓடும்வரை. சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் மின்சாரம் போயிற்று. நான் அலுவலகத்தில் இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்குமேல் மின்சாரம் வரவில்லை. மாலையில் மாடி ஏறினால் 120 லெட்யூஸ் செடியும் வாழைமட்டை மாதிரி தொங்கிக் கிடந்தன. தொட்டித் தண்ணீர் 35 டிகிரி காட்டியது. தண்ணீர் மறுபடி ஓடியதும் பாதி நிமிர்ந்தன. நான்காம் நாள் வேரெல்லாம் பழுப்பேறி வழவழத்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தரையில் நட்ட செடிக்கு இதே மதியம் ஒன்றுமே இல்லை. ஒரு சாண் ஆழத்தில் மண் குளுமையாகவே இருக்கும். பகல் வெப்பம் அங்கே எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுதான் மண்ணின் நான்காவது வேலை.

இந்த நான்காவது வேலைக்குக் கூலி கொடுத்துப் பார்த்தவர்களின் கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்டது. அந்த மாநிலத்தின் யூமா பகுதி லெட்யூஸுக்குப் பேர்போனது. அங்கே வயலில் ஒரு கிலோ லெட்யூஸ் விளைய 250 லிட்டர் தண்ணீர் வேண்டும். பசுமைக்குடிலுக்குள் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் 20 லிட்டர் போதும் என்று கணக்கிட்டார்கள். சதுர மீட்டருக்கு ஆண்டு விளைச்சல் வயலில் 3.9 கிலோ, குடிலில் 41 கிலோ. ஹைட்ரோபோனிக்ஸ் துண்டறிக்கைகள் எல்லாம் இந்த இரண்டு வரியோடு நின்றுவிடும். மூன்றாவது வரி எரிசக்தி பற்றியது. கிலோவுக்கு வயலில் 1,100 கிலோஜூல், குடிலில் 90,000.

90,000 கிலோஜூல் என்பது நம் மின்கணக்கில் 25 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிலோ இலைக்கு 200 ரூபாய் எரிசக்திக்கே போகும். இதில் வேடிக்கை, நாம் பயப்படும் பம்பு செலவழிப்பது வெறும் 640 கிலோஜூல். கால் யூனிட்கூட இல்லை. மீதியில் பெரும்பங்கு குடிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும், கொஞ்சம் விளக்குக்கு. அதாவது செலவு தண்ணீரை ஓட்டுவதில் இல்லை, பருவத்தோடு மல்லுக்கட்டுவதில் இருக்கிறது. விளக்கொளியில் அடுக்கடுக்காகக் கீரை வளர்த்து நியூயார்க், நியூஜெர்சி வட்டாரத்தில் விற்ற பெரிய நிறுவனங்களுக்கு நேர்ந்ததும் இதன் நீட்சிதான் என்பது என் கணிப்பு. ஏரோஃபார்ம்ஸ் 2023ல் திவால் மனு கொடுத்தது. பௌரி 2024ல் கடையையே மூடியது. முதலீட்டுக்கும் பொறியாளர்களுக்கும் அங்கே குறைவில்லை. சூரியன் இலவசமாகத் தருவதைக் காசு கொடுத்து வாங்கி, இலையாக்கி, சந்தையில் சூரியன் வளர்த்த இலையோடு போட்டி போட வேண்டியிருந்தது.

ஹைட்ரோபோனிக்ஸ் எங்கே ஜெயித்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளியும். 1930களில் பசிபிக்கைக் கடக்கும் பான் அமெரிக்கன் விமானங்கள் வேக் தீவில் இறங்கும். பவளப்பாறைத் தீவு, காய்கறிக்கு மண் கிடையாது. பயணிகளுக்குக் காய் வேண்டுமென்றால் தொட்டியில் வளர்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை அசென்ஷன் தீவில் இதையே செய்தது. மாற்று வழியின் விலை எங்கே அநியாயத்துக்கு அதிகமோ அங்கே இது லாபம். தாம்பரத்தில் மாற்று வழி, 8 ரூபாய்க்குச் செம்மண்ணோடு கிடைக்கிறது.

இந்தியாவில் இந்தச் செலவுச் சிக்கலை அன்றே உணர்ந்தவர் ஒரு வெள்ளைக்காரர். ஜேம்ஸ் ஷோல்ட்டோ டக்ளஸ் 1946 வாக்கில் வங்காளத்தின் காலிம்பாங்கில் சோதனைகளைத் தொடங்கினார். பம்பும் கண்ணாடிக் குடிலும் ஏழை வீட்டுக்கு ஆகாது என்று, ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் உப்புக்கலவையைத் தூவி நீரூற்றும் மலிவான வழியைக் கண்டார். வங்காள முறை என்ற பெயரில் 1951ல் நூலாகவும் வந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு என்பது என் வருத்தம்.

டக்ளஸின் ஜல்லி இருந்த இடத்தில் இன்று தேங்காய் நார்க்கழிவு இருக்கிறது. இந்த விஷயத்தில் உலகம் பொள்ளாச்சிக்குக் கடன்பட்டிருக்கிறது. ஒருகாலத்தில் கயிற்றுத் தொழிற்சாலைகளின் பின்னால் மலைமலையாகக் கொட்டிக் கிடந்த குப்பை அது. எரித்தால் எரியாது, வயலில் போட்டால் லேசில் மக்காது, மழையில் ஊறி பழுப்புச் சாறு வடியும். இன்று அதைக் கழுவி, அழுத்தி, 5 கிலோ கட்டியாக ஏற்றுமதி செய்கிறார்கள். ஊறினால் 70 லிட்டர் வரை பொங்கும். ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் நம் ஊர்த் தென்னையின் மட்டைத்தூளிலும் இலங்கைத் தூளிலும் வேர்விட்டு நிற்கின்றன. அங்கே அதற்குப் போட்டி, எரிமலைப் பாறையை 1,500 டிகிரிக்குமேல் உருக்கிப் பஞ்சாக நூற்ற பாறைக்கம்பளி. பயன்படுத்திய பிறகு அந்தப் பஞ்சு மக்கவே மக்காது.

நார்த்தூள் மண்ணின் இரண்டு வேலைகளைத் திரும்பப் பார்க்கத் தொடங்கும். தண்ணீரையும் காற்றையும் ஒருசேரப் பிடித்து வைக்கும். மின்சாரம் அரைநாள் போனாலும் செடி சாகாது. ஒரு குணக்கேடு உண்டு. தென்னை உப்புக்காற்று மரம். அதன் தூளில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டியிருக்கும். நாம் ஊற்றும் கரைசலில் உள்ள கால்சியத்தைத் தூள் பிடுங்கிக்கொண்டு, தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளும். விளைவு, தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகும். முன்கூட்டியே கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறப்போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் இந்தத் தகராறு தீர்ந்துவிடும். அலசாத கட்டி மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள்.

தண்ணீர் சேமிப்பு என்ற பெருமையையும் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். சென்னைப் புறநகரில் என் வீட்டு போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் 1,300 காட்டுகிறது. உரம் ஒரு சிட்டிகைகூடப் போடும் முன்பே லெட்யூஸ் தாங்கும் அளவை அது தாண்டிவிட்டது. இதில் கால்சியம் இருந்தால் உணவுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சோடியத்தையும் குளோரைடையும் என்ன செய்வது? செடி தண்ணீரைக் குடிக்கும், சோடியத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். நாம் மறுபடி நிரப்புவோம். வாரம் போகப் போகத் தொட்டியில் சோடியம் ஏறும், சத்து இறங்கும். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே அளக்கிறது, எந்த உப்பு என்று சொல்லாது. எண் சரியாக இருக்கும், செடி பட்டினி கிடக்கும். சரி, ஆர்ஓ போடலாம் என்றால் வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். 20 லிட்டரில் ஒரு கிலோ என்ற அரிசோனாக் கணக்கு அங்கேயே 60, 80 லிட்டராகிவிடும்.

இனி சந்தைக்கு வருவோம். வெயிலைத் தாங்கும் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் சந்தையில் மலிவு. சந்தையில் விலைபோகும் லெட்யூஸ் வெயிலைத் தாங்காது. சூடு கூடினால் பூத்தண்டு விடும், இலையில் கசப்பு ஏறும். போதாக்குறைக்கு நீலகிரியில் அது சாதாரண மண்ணில், இலவசக் குளிரில் வளர்ந்து ராத்திரி லாரியில் இறங்குகிறது. நட்சத்திர ஓட்டல்கள் வாங்கும்தான். வாராவாரம் ஒரே எடை, ஒரே அளவு கேட்பார்கள், பணம் ஒன்றரை மாதம் கழித்து வரும். மொட்டைமாடிக்காரரால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. உழவர் சந்தையோ வேறு ரகம். 1999 நவம்பர் 14ல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம் இடைத்தரகரை வெளியே நிறுத்தியது. ஆனால் அங்கே தொங்கும் விலைப்பலகையில் கீரைக்கு ஒரே வரிதான். மண்ணில் வளர்ந்ததா, தண்ணீரில் வளர்ந்ததா என்று பலகை கேட்காது.

சிலர் இந்த இடத்தில் ‘இயற்கை விவசாயக் கீரை’ என்று அட்டை எழுதி வைத்து விலையை ஏற்றுகிறார்கள். அது பொய். நாம் போடுவது மூட்டை உப்பு. அமெரிக்காவில் சில ஹைட்ரோபோனிக்ஸ் பண்ணைகளுக்கு அந்த முத்திரை கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ மண்ணில் வேர்விடாத காய்க்கு அதைத் தருவதில்லை. நான் ஐரோப்பியர் கட்சி. பூச்சிமருந்து தெளிக்கவில்லை என்றால் அதை மட்டும் எழுதலாம். மண் தெறிக்காத கீரை, அலசுவது சுலபம் என்று எழுதலாம். உண்மையே விற்பனைக்குப் போதும்.

என் தோல்விக்குப் பிறகு புரிந்தது இதுதான்: தண்ணீருக்கும் பட்டம் உண்டு. ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று மண்ணுக்குச் சொன்னவர்கள் வீணுக்குச் சொல்லவில்லை. ‘வருஷம் 365 நாளும் அறுவடை’ என்று குழாய் விற்பவர்கள் சொல்லும் வசனத்துக்குப் பின்னால் ஒரு குளிர்சாதனக் கட்டணச் சீட்டு ஒளிந்திருக்கிறது. கார்த்திகையிலிருந்து மாசி வரை சென்னையில் தொட்டித் தண்ணீர் தானாகவே 25 டிகிரியை ஒட்டி நிற்கும். அந்த நான்கு மாதம் லெட்யூஸுக்கும் பாலக்குக்கும் உகந்த காலம். அதற்குச் சற்று முன்னால் தொடங்கித்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். மழைநீரில் உப்பு அநேகமாகப் பூஜ்யம். ஆர்ஓவைவிட நல்ல தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். 2003ல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக் குழாய் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் வாயில் ஒரு தொட்டியை வைப்பதுதான் பாக்கி.

கோடைக்கு வேறு செடி, வேறு முறை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பம்பே இல்லாத ஒரு வழியைப் பரப்பினார். மூடிய பெட்டியில் கரைசலை ஒரே ஒருமுறை நிரப்புவது. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் ஈரக்காற்று நிற்கும். அங்கே இருக்கும் வேர்கள் காற்றை வாங்கவும், அடியில் இருப்பவை நீரை வாங்கவும் பழகிக்கொள்ளும். மின்சாரம் போனால் என்ன, வந்தால் என்ன. பாதியில் மறுபடி விளிம்புவரை நிரப்பிவிடக் கூடாது, காற்று வேர்கள் மூழ்கிச் செத்துவிடும். மூடியில் இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும், மாநகராட்சி ஊழியர் வந்து அபராதச் சீட்டு தருவார். இந்த இரண்டு எச்சரிக்கைதான். இதில் நான் இப்போது வள்ளைக்கீரை போடுகிறேன். குளத்தில் பிறந்த கொடி, தண்டுக்குள்ளேயே காற்றுக்குழாய் வைத்திருக்கிறது. வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். பக்கத்தில் இரண்டு பெட்டி புதினா, நிழல்வலைக்குக் கீழே.

புதினாவை வேரோடு, ஈரத்துணி சுற்றித்தான் தாம்பரத்துக்கு எடுத்துப்போனேன். அந்த அம்மா வழக்கம்போல வேரைத் திருப்பிப் பார்த்தார். ஒரு டப்பா தண்ணீரில் நிறுத்தி வைத்தார். மறுநாள் போனபோது, “நேத்திக்கு வச்சது சாயங்காலம் வரிக்கும் வாடவே இல்ல தம்பி” என்றார். மற்றவர்களின் புதினாவைவிடக் கட்டுக்கு 3 ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறார். பம்பு, குளிர்விப்பான் எதுவும் இல்லாததால் என் அடக்கமும் இறங்கிவிட்டது. பெரிய லாபமில்லை. நஷ்டம் நின்றிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாய், பம்பு, பசுமைக்குடில் என்று எதற்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி உங்கள் போர் தண்ணீரில் நனையுங்கள். 300க்குக் கீழே காட்டினால் தாராளமாகத் தொடங்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் மழைத்தொட்டி கட்டிவிட்டு ஐப்பசிவரை காத்திருங்கள். நடுவில் கிடைக்கும் நாட்களில் உங்கள் ஊர்ச் சந்தையில் நின்று, எது என்ன விலைக்குப் போகிறது, எது சாயங்காலம் வாடிக்கிடக்கிறது என்று எழுதி வையுங்கள்.